கோவளத்துக்குப் போனால் டார்ச்சை அணையுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிம்மக்கல்லில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். நம் குடியிருப்பில் பல வீடுகளில் மகனோ மகளோ சென்னையில் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் முழுப்பரீட்சை லீவுக்கும் அங்கே போகிறோம். போனால் மகாபலிபுரம், வழியில் கோவளம். அதனால்தான் இந்தப் பேச்சு.

கேரளத்துக் கோவளம் வேறு. நான் சொல்வது கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு தாண்டியதும் வரும் நம் கோவளம். தர்கா, மாதா கோயில், மீனவர் குப்பம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும் ஊர். அலைச்சறுக்கு என்றால் இன்று தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் ஊர்களில் ஒன்று. அந்த ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் தானே பழகி, 2012இல் பயிற்சிப் பள்ளி தொடங்கி, குப்பத்துப் பிள்ளைகளையும் பலகையில் ஏற்றிவிட்டார். அலை எங்கே உடையும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பது மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆகவே அவர்கள் "அங்கே இறங்காதீங்க சார்" என்றால் இறங்காதீர்கள்.

போகிறவர்கள் விடியற்காலையில் எழுந்து கரைக்கு வாருங்கள். ஃபைபர் படகுகள் வந்து சேரும். வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுப்பார்கள். பெண்கள் கூடையோடு நின்று விலை பேசுவார்கள். தலைக்கு மேலே செம்பருந்து வட்டமிடும். வெண்தலையும் செங்காவி உடலுமாக இருக்கும். நம்மூரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அதேதான். அலை வாங்கும் ஈர மணலில் உள்ளான் குருவிகள் குடுகுடுவென்று ஓடி இரை பொறுக்கும். குழந்தைகளை ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். வளைக்குள் ஒளிந்த நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இனி ராத்திரிக்கு வருவோம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அந்தக் கரையில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்பார்கள். தாய் ஆமை மணலில் குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் அதிகம். ஆண் குஞ்சு கடலுக்குள் போனால் அநேகமாக மறுபடி கரை ஏறுவதே இல்லை. பெண் மட்டும் பல வருடம் கழித்து, பிறந்த கரைப்பக்கம் தேடி வரும்.

குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் வெளிவரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இருட்டுக் கரையில் வெளிச்சமாகத் தெரிவது கடல். ஆகவே வழி தவறாது. இப்போது கரையோரம் விடுதி விளக்கு, சாலை விளக்கு, நம் கையில் செல்போன் டார்ச். குஞ்சு ஊர்ப்பக்கம் நடக்கிறது. நாயோ காக்கையோ வெயிலோ அதை முடித்துவிடும். கரையேறும் தாயும் வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடுவதுண்டு.

கடலுக்குள் வேறொரு ஆபத்து. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவைப் படகுகள் கரையருகே மீன்பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது அரசின் வேலை. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் ஒரு அமைப்பாகச் சேர்ந்து இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வனத்துறையும் செய்கிறது.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ராத்திரிக் கரையில் டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம். கண் பழகினால் நிலா வெளிச்சமே போதும். அறை எடுக்கும்போது, கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைப்பீர்களா என்று விடுதிக்காரரிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அவரும் யோசிப்பார். ஆமையையோ முட்டையையோ தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். குஞ்சு தரைப்பக்கம் நடப்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தின்ற பாக்கெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள்.

சுற்றுலா போகிற நமக்கு அது இரண்டு நாள் பொழுதுபோக்கு. மீனவருக்கு அது பிழைப்பு, ஆமைக்குப் பிரசவ அறை. பிரசவ அறை வாசலில் நாம் எப்படி நிற்போமோ, அப்படி நின்று பார்த்துவிட்டு வருவோம்.