‘ஒருவேளை’ என்று எழுதிய பூட்டு



சிட்லபாக்கத்தில் லினக்ஸ் கெர்னலைப் பற்றிக் கருத்தரங்கா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஆய்வு மையத்தில்தான் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் இயங்கத் தொடங்கியது. சென்னை சி-டாக்கில் பாஸ் லினக்ஸ் உருவானதும் அந்த முயற்சியின் பகுதியாகத்தான். லினக்ஸ் இந்த வட்டாரத்துக்குப் புது விருந்தாளி இல்லை.

கோப்பின் உள்ளே இருப்பது மனை என்றால் மெட்டாடேட்டா அதன் பட்டா. அளவு, உடைமையாளர், அனுமதி, நேரம், எத்தனை பெயர்கள் அதைச் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கை, எல்லாம் ஐநோடு என்ற கட்டமைப்பில் இருக்கின்றன. மனையை யாரும் தொடாமலே பட்டாவில் ஓர் எழுத்தை மாற்றிக் குடியைக் கெடுக்கலாம் என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பட்டாவை ஒரே கணத்தில் இருவர் திருத்திக் கெடுக்காமல் காக்கத்தான் பூட்டு. 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0, எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து ஒரே பெரிய பூட்டைத் தொங்கவிட்டது. அதை முழுதாகக் கழற்றி எறிய 2011 ஆயிற்று. இடையில் நடந்ததில் நமக்கும் பங்கு உண்டு. வாசிப்பவர் பூட்டே போடாமல் வாசிக்கலாம். நீக்குபவர் பதிவைப் பட்டியலிலிருந்து கழற்றிவிட்டு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் வெளியேறும்வரை காத்திருந்து, பிறகே அந்த நினைவகத்தை விடுவிக்க வேண்டும். இந்த உத்திதான் ஆர்.சி.யு. 2002 அக்டோபரில் 2.5.43இல் அது லினக்ஸுக்குள் வந்தது. அந்த நிரலை எழுதிய திபாங்கர் சர்மாவும், பிறகு அதைக் கோப்புப் பெயர்த் தேடலில் பொருத்த அவரோடு உழைத்த மனீஷ் சோனியும் ஐ.பி.எம்.மின் இந்திய மென்பொருள் கூடத்தில் வேலை பார்த்தவர்கள்.

ஐநோடின் வரையறையில், காத்திருப்பவரைச் சுற்றவிடும் சுழல்பூட்டு ஒன்று உண்டு. அது எதைக் காக்கிறது என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது: வட்டில் பிடித்திருக்கும் தொகுதிகள், பைட்டுகள், ‘ஒருவேளை’ கோப்பின் அளவும். முதன்முதல் படித்தபோது சிரித்தேன். பாதுகாப்புப் பெட்டகத்தில் ‘ஒருவேளை நகையும் இருக்கலாம்’ என்று சீட்டு ஒட்டுவார்களா?

பிறகு அந்தச் சொல் என்னையே பதம் பார்த்தது. கோப்பின் அளவு 64 பிட் எண். 32 பிட் கணினி அதை இரண்டு பாதியாகத்தான் படிக்கும். 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவான கோப்பில் இன்னொரு பைட் எழுதும் அதே கணத்தில், கீழ்ப்பாதியின் பழைய மதிப்பையும் மேல்பாதியின் புதிய மதிப்பையும் ஒருவர் படித்தால் கோப்பு ஏறக்குறைய 8 ஜிபி என்று தெரியும். இதைத் தடுக்க ஒரு வரிசை எண் வைத்திருக்கிறார்கள். எழுதத் தொடங்கும்போது அது ஒற்றைப்படையாகும், முடித்ததும் இரட்டைப்படையாகும். ஒற்றைப்படையைக் கண்ட வாசகர் அது மாறும்வரை சுற்றிக்கொண்டே இருப்பார். எழுதுபவர்கள் இருவர் பூட்டின்றி மோதினால், ஒருவருடைய கூட்டல் தொலைந்து எண் ஒற்றைப்படையிலேயே நின்றுவிடும்.

நான் எழுதிய ஒரு சின்னக் கோப்பமைப்பில் அதுதான் நடந்தது. கோப்புகளைப் பட்டியலிடச் சொன்னேன், கட்டளை திரும்பவே இல்லை. கண்ட்ரோல்-சிக்கும் அசையவில்லை. மின்விசிறி மட்டும் இரைந்தது. இரண்டு இரவு வட்டைக் குறை சொன்னேன். அளவை மாற்றுபவர் வெளியிலிருந்தே ஒரு பூட்டுப் பிடித்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அளவை எழுதும் செயற்கூற்றின் தலையிலேயே இருந்தது; நான்தான் படிக்கவில்லை.

இந்த அரங்குக்கு வந்த கட்டுரைகளைப் படித்தேன். எத்தனை மடங்கு வேகம் என்று காட்டும் வரைபடங்களுக்குக் குறைவில்லை. எந்தப் பூட்டு எந்தப் புலத்தைக் காக்கிறது என்ற ஒரு வரியைத்தான் பல கட்டுரைகளில் தேட வேண்டியிருந்தது. அந்த வரி இல்லாத வேக அளவீட்டை நான் நம்பப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் அமர்வு, ஒரு கோப்புறையை இன்னொன்றுக்குள் நகர்த்துவது பற்றி. ஒருவர் அ-விலிருந்து ஆ-வுக்கும், இன்னொருவர் ஆ-விலிருந்து அ-வுக்கும் நகர்த்தினால், ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு இருவரும் நிற்பார்கள். அதனால் கெர்னல் முதலில் அந்தக் கோப்பமைப்பு முழுதுக்குமான நகர்த்தல் பூட்டைப் பிடிக்கிறது. ஒன்று மற்றதன் மூதாதை என்றால் மூதாதையை முதலில் பூட்டுகிறது. நகர்த்தல் பூட்டு இல்லாவிட்டால் தாத்தா பேரனுக்கே பிள்ளையாகி, மரம் வேரற்ற வளையமாகிவிடும். வாசிக்க வருபவர் தம் பூட்டு வரிசையை முதலில் பலகையில் எழுதிவிட்டுப் பேசத் தொடங்கட்டும். சாக்பீஸ் மேசையில் இருக்கிறது.