இடப்பக்கத்தில் ஒரு புலம்பல்



எதிரணித் தலைவர் கேட்டுவிட்டுப் போனார்: "நாவல் எழுதுறவன் நாவலை எழுதட்டும். நடுவுல டைரி என்னத்துக்கு?" கைதட்டலும் வாங்கிவிட்டார். ஆனால் இந்தக் கேள்வியை இந்த ஊரில் வந்தா கேட்பது? இது பீங்கான் ஊரய்யா! சூளை ஆயிரம் டிகிரிக்கு மேலே ஏறுகிறபோது கதவைத் திறந்து பார்க்க முடியுமா? எந்த மணிக்கு எவ்வளவு சூடு என்று எழுதி வைத்தால்தான், நாளைக்கு ஜாடி விரிசல் விட்டால் எங்கே அவசரப்பட்டோம் என்று தெரியும். ஜாடியா வாய் திறந்து சொல்லப்போகுது?

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக். 1962-ல் நோபல் பரிசு வாங்கியவர். 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை 1938 மே கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடித்தார். நாளுக்கு 2,000 சொல் என்பது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. நாவலைத் தொடுவதற்கு முன்னால் டைரியைத் தொடுவார். அதிலே என்ன எழுதினார்? தத்துவமா? பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், சுத்தியல் சத்தம் தாங்கவில்லை. மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன். புத்தகம் போடவேண்டிய பதிப்பகம் திவால். அப்படியே நம்ம வீட்டுப் புலம்பல்தாங்க! போதாக்குறைக்கு, தான் ஒரு எழுத்தாளனே இல்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். அதை அங்கே இறக்கி வைத்துவிட்டுத்தான் அன்றைய 2,000 சொல்லுக்குப் போனார். 1939-ல் நாவல் வெளிவந்தது. 1940-ல் புலிட்சர் பரிசு. அந்த டைரி அச்சானதோ, அவர் இறந்து 21 ஆண்டு கழித்து, 1989-ல்.

1951-ல் 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' எழுதும்போது இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரே நோட்டு. வலப்பக்கம் நாவல், இடப்பக்கம் பதிப்பாசிரியருக்குக் கடிதம். யார் அந்தப் பதிப்பாசிரியர்? முன்னே திவாலானாரே, அதே பாஸ்கல் கோவிச்சிதான்!

என் அணித் தோழி ஒருவர், ஆனந்தரங்கப் பிள்ளை டைரியைக் கொண்டு பிரபஞ்சன் எழுதிய 'வானம் வசப்படும்' 1995-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றதைச் சொன்னார். அம்மா, அது அடுத்தவர் டைரி. நான் கேட்பது எழுதுகிறவன் தன் டைரியை. சொந்த அணியையே மறுக்கிறேன், நடுவர் மன்னிக்கணும்.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்டவர் சொ. விருத்தாசலம். ஆமாம், நம் புதுமைப்பித்தன்தான். 1948-ல், 42 வயதில் காசநோய் கொண்டுபோய்விட்டது. மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் மிஞ்சியதால் அவர் பட்ட பாடு நமக்குத் தெரிகிறது. ஆனால் 'அன்னை இட்ட தீ' நாவல் பாதியிலேயே நிற்கிறது. அது அறுபடுகிற இடத்துக்கு வரும்போதெல்லாம் என் கை தானாக இடப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறது...

மணி அடிச்சிட்டாங்க.