ரொட்டி ஒத்துக்கொள்ளாத பிள்ளை

(நயினாதீவுக்குப் போய்த் திரும்பிய தோட்டக் குடும்பங்களும் ஊர் மக்களும் மடத்துவெளியில் கூடியிருந்த வேளையில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் எமது சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)

தாய்மாரே, தந்தைமாரே, சங்கத் தோழர்களே, படுக்கப் பாயும் குடிக்கத் தேநீரும் தந்து எங்களை ஏற்றுக்கொண்ட மடத்துவெளி உறவுகளே!

நேற்று நயினாதீவில் அன்னதானப் பந்தியில் நடந்ததை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். எங்களோடு வந்த ஒரு தாய், இலையில் சோறு விழுந்ததும் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார். சாம்பார் வாளியோடு வந்தவரிடம், "அண்ணே, இதுல பெருங்காயம் போட்டிருக்கா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். கோயில் சாப்பாட்டிலும் குறை பார்க்கிறாளே என்று ஒரு பாட்டி முணுமுணுத்தார்.

அவர் குறை பார்க்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஏன் என்பதை, அவருடைய சம்மதத்தோடுதான் இன்று பேசுகிறோம்.

அந்தப் பிள்ளை எங்கள் பாடசாலையில் படிப்பவள். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எட்டு வயது. பார்த்தால் ஐந்து வயது என்பார்கள். கை, கால் குச்சி. வயிறு மட்டும் உப்பல். அடிக்கடி வயிற்றோட்டம், வாய்ப்புண், எந்நேரமும் தூக்கம். தோட்ட டிஸ்பென்சரியில் பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரத்தத்துக்கு மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் தேறுவாள், மறுபடி விழுவாள். லயத்தில் சவலை என்றார்கள், கண்ணூறு என்றார்கள், கயிறு கட்டினார்கள்.

படித்த நாங்கள் என்ன செய்தோம்? அவள் கொண்டுவரும் ரொட்டியைப் பாதியில் வைத்தால், "முழுக்கச் சாப்பிடு, இல்லாட்டி எப்படி உடம்பு வரும்?" என்று பக்கத்தில் நின்று தின்ன வைத்தோம். பெற்றோர் கூட்டத்தில், பிள்ளையைக் கவனிப்பதில்லையா என்று அந்தத் தாயைப் பலர் முன்னால் கேட்டோம். பின்னால் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். குழாய் விட்டுக் குடலில் ஒரு துளி சதை எடுத்தும் பார்த்தார். செலியாக் நோய் என்றார். அவளுக்கு ஆகாத ஒரே சாப்பாட்டைத்தான் நாங்கள் கட்டாயப்படுத்தி ஊட்டியிருக்கிறோம். பலர் முன்னால் பழித்த தாயிடம் பலர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டோம். இன்றும் கேட்கிறோம்.

இந்த நோய் என்ன? கோதுமையில் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்தப் பசைதான். பார்லி, றை என்ற தானியங்களிலும் அதே இனப் புரதம் உண்டு. சிலருடைய உடம்பு அதைக் கண்டதும் தன் குடலையே தாக்கத் தொடங்கும். சிறுகுடலின் உள்பக்கம் கொழுந்து மலைமாதிரி. நுணுக்கமான தளிர்கள் நிறைந்து நின்று, சாப்பாட்டின் சத்தை உறிஞ்சி எடுக்கும். இந்த நோய் அந்த மலையைக் கவ்வாத்து வெட்டிவிடும். கவ்வாத்து வெட்டிய மலையில் யாராவது கொழுந்து எடுக்க முடியுமா? அதுபோலத்தான், எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. இரும்புச்சத்தும் சேராது, எலும்பும் வளராது. பெரியவர்களுக்கும் இது வரும். சிலருக்கு வயிற்றோட்டமே இருக்காது. மாறாத இரத்தச் சோகை மட்டும் இருக்கும். இது தொற்று நோய் அல்ல. ஆனால் பரம்பரையில் தொடரும், ஆகவே கூடப் பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

நல்ல சேதியும் உண்டு. கவ்வாத்து வெட்டிய செடி துளிர்ப்பதுபோல, கோதுமையை முழுக்க நிறுத்தினால் குடலும் துளிர்க்கும். இதைக் கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லம் டிக்கே. அவருக்கு முன்பே கோதுமைமீது சந்தேகம் இருந்தது. உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் பாண் கிடைக்காத பெரும் பஞ்சம் வந்தது. ஊரெல்லாம் பட்டினியில் வாடியபோது, இந்த நோயுள்ள பிள்ளைகளுக்கு நோய் குறைந்தது. போர் முடிந்து பாண் திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் அவர் தன் ஆய்வை வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இதற்கு மருந்து ஒன்றே: கோதுமையில்லாத சாப்பாடு, ஆயுள் முழுக்க.

இது எங்கோ வெள்ளைக்காரர் நாட்டு நோய் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் 23,000 பேருக்கு மேல் சோதித்து 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. வட இந்தியாவில் 1000 பேரில் எட்டு, ஒன்பது பேருக்கு இந்த நோய் இருந்தது. தென்னிந்தியாவில் 10,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் பரம்பரைக் கூறு இரண்டு பக்கமும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் சராசரியாக நாளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம்.

இப்போது நம்மைப் பாருங்கள். நம் பாட்டன், பூட்டன் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர்கள். அவர்களின் சாப்பாடு அரிசி, கேழ்வரகு, கம்பு. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை, கப்பலில்தான் வருகிறது. ஆனாலும் தோட்டத்தில் காலையில் ரொட்டி, மலையில் ரொட்டி, பல வீடுகளில் இரவிலும் ரொட்டி. யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்ததல்ல. விடியற்காலையில் சட்டென்று தட்டலாம், மலையில் நின்றபடி சம்பலோடு கடிக்கலாம், ஒன்று தின்றால் மத்தியானம்வரை தாங்கும். 1973, 74இல் பங்கீட்டு அரிசியும் மாவும் வெட்டப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்ததை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. கிடைத்ததைத் தின்று பிழைத்த சனம் நாம். ஆக, தெற்கத்திப் பரம்பரையும் வடக்கத்தித் தட்டும் ஒன்றுசேர்ந்த இடம் தோட்டம். இங்கே இந்த நோயைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று நாம் கேட்பது நியாயம்.

இனி வீட்டுக் காரியம். நோய் உறுதியான பிள்ளைக்கு ரொட்டி, பாண், பணிஸ், பிஸ்கட், கொத்து, நூடில்ஸ், ரவை, சேமியா ஆகாது. கடையில் விற்கும் மோல்ட் மா பார்லியில் செய்வது, அதுவும் ஆகாது. கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் கோதுமை மா கலப்பது உண்டு. நேற்று அந்தத் தாய் கேட்டது இதனால்தான். கேசரி ரவையில் செய்வது. மாதா கோயிலில் தரும் நற்கருணை அப்பமும் கோதுமைதான். பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

துணுக்கும் கேடு செய்யும். ரொட்டி சுட்ட கல்லில் அந்தப் பிள்ளையின் தோசையைச் சுடக் கூடாது. மா அரித்த அரிதட்டை அரிசி மாவுக்கு எடுக்கக் கூடாது. மில்லில் கோதுமை அரைத்த கையோடு குரக்கன் அரைத்தால் அந்த மா உதவாது. வீட்டில் இடிப்பது நல்லது. லயத்து ஒற்றை அடுப்பில் இது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத் தெரியும். அந்தத் தாய் செய்த வழி: பிள்ளையின் சாப்பாட்டை முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டு, பிறகுதான் மற்றவர்களுக்கு மா பிசைகிறார்.

எதைக் கொடுக்கலாம்? இங்கே இருக்கும் உறவுகளின் அடுக்களையைப் பாருங்கள். அரிசி மா இடியப்பம், குரக்கன் கூழ், ஒடியல் பிட்டு, பினாட்டு. நெல்லுக்குத் தண்ணீர் போதாத இந்தத் தீவுகளைப் பனையும் சேர்ந்துதான் காப்பாற்றியது. இன்று பகல் இந்த ஊர் அக்காமார் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். எதையும் கேட்டுப் பயப்படாமல் அந்தப் பிள்ளை இரண்டு தரம் வாங்கிக் குடித்தாள். ஆனால் இங்கேயும் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மா கலக்கும் வழக்கம் வந்துவிட்டது என்று அந்த அக்காமாரே சொன்னார்கள். ஆகவே, எங்கே போனாலும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே வீட்டில் ரொட்டியை நிறுத்திவிடாதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் சோகைக்குச் சத்தான சாப்பாடு இல்லாமையும் பூச்சியுமே பெரும்பாலும் காரணம். அதற்கான மருந்தைக் கொடுத்தும் தேறாத பிள்ளையைத்தான் குழந்தை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். சோதனைகள் எல்லாம் முடியும்வரை ரொட்டியை விடக் கூடாது. முன்பே விட்டால் சோதனையில் நோய் தெரியாமல் போகும்.

கடைசியாக, சங்கத்தின் வேலை. வைத்தியர் ஒரே வரியில் எழுதிவிட்டார்: கோதுமை தவிர்க்கவும். அந்த ஒரு வரியை நிறைவேற்ற அரிசி வேண்டும், பருப்பு வேண்டும், முட்டை வேண்டும், தனிச் சட்டி வேண்டும், விடியலுக்கு முன் இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும். பேர் விழுந்தால்தான் சம்பளம் என்ற வீட்டில் இவை எங்கிருந்து வரும்? அந்தத் தாய் ஆஸ்பத்திரிக்குப் போன ஒவ்வொரு நாளும் அவருடைய பேர் போனது. மருந்துக்குச் சம்பளம் போதுமா என்று கேட்பதுபோல, சாப்பாடே மருந்தான பிள்ளைக்குச் சம்பளம் போதுமா என்றும் நாம் கேட்க வேண்டும்.

ஆகவே நான்கு காரியம். தேறாத பிள்ளைகளின் பட்டியலைத் தோட்ட டிஸ்பென்சரியும் மருத்துவ மாதுவும் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பிள்ளை மடுவத்தில் சோறும் குரக்கனும் கொடுக்க வேண்டும். பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுபோகும் தாய்க்கு அந்த நாள் பேர் போட வேண்டும். குரக்கனும் கீரையும் போடத் தரிசு நிலத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் துண்டு நிலம் வேண்டும். ஊருக்குத் திரும்பியதும் தலைவர்மார் இவற்றைத் தோட்டக் கமிட்டியில் வைப்பார்கள்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தால் அதட்டுவதற்கு முன் ஏன் என்று கேட்போம்.

அந்தச் சாம்பார் வாளிக்காரர் என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "போட்டிருக்கு தங்கச்சி, பிள்ளைக்கு வேண்டாம்" என்றார். சோற்றுக்குத் தேங்காய்ப் பாலில் அவித்த பூசணிக்காயும் தயிரும் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை எல்லோரோடும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டு எழுந்தாள். நம் லயத்திலும் அவளுக்கு அது கிடைக்க வேண்டும்.