வாத்தியாரைக் கேட்டீங்களா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு என்ஜினியர். 'பள்ளிகளில் ஆங்கிலம்' பற்றிப் பேசு என்று செயலாளர் சொன்னபோது, "சார், அதிலே தோற்றவனைப் போய்ப் பேசச் சொல்றீங்களே" என்றேன். "அதனாலதான்யா உன்னைக் கூப்பிடுறேன்" என்றார்.

உண்மைதான். பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் ஒரு பாடமாகப் படித்துவிட்டுத்தான் இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்தேன். என் முதல் வேலை நேர்காணலில், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நியூட்டனின் மூன்று விதிகளையும் ஆங்கிலத்தில் தலைகீழாகச் சொல்வேன். என்னைப் பற்றி ஒரு வாக்கியம் வரவில்லை. திருமங்கலம் வரைக்கும் பஸ்ஸில் யாரிடமும் பேசாமல் வந்தேன்.

அந்தக் கோபம் என்னிடம் ரொம்ப நாள் இருந்தது. சம்பாதிக்கத் தொடங்கியதும், நம் செட் நண்பர்கள் சிலர் சேர்ந்து தேனி ரோட்டுப் பக்கம் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் பெரிய டி.வி. ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ஆங்கிலப் பாடங்கள் எல்லாம் அதிலேயே இருந்தன. போட்டோ எடுத்துக்கொண்டோம். அடுத்த பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால், பீரோ மேலே துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது டி.வி.!

எனக்கு எரிச்சல். அந்த டீச்சர் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, நல்ல மனசோட குடுத்தீங்க. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அஞ்சு வகுப்புக்கு நாங்க ரெண்டே பேரு. டி.வி. காணாமப் போயிடக் கூடாதுன்னு ஆபீஸ் ரூம்ல இருக்கு. ஒரு வகுப்பைக் கூட்டிட்டு அங்க போனா, மத்த பிள்ளைகளை யாரு பாக்குறது?"

"அப்போ என்னதான் டீச்சர் வேணும்?"

"படம் போட்ட சின்னச் சின்னக் கதைப் புத்தகம். அப்புறம், எங்க கூட இங்கிலீஷ்ல பேச ஒரு ஆள். நாங்களே பேசி வருஷக்கணக்காச்சு."

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. மெஷினை ஓட்டுகிறவரைக் கேட்காமல் மெஷினை மாற்ற மாட்டோம். அந்தப் பாடத்தை இங்கே மறந்துவிட்டேன்.

நான் மட்டும் மறந்தவனில்லை என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. 1959-இல் அன்றைய சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக, வாய்வழிப் பயிற்சியாகக் கற்பிக்கும் முறைக்கு 27,000 ஆசிரியர்களைப் பழக்குவது. சிலருக்கு முதலில் பயிற்சி, அவர்கள் மற்றவர்களுக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெருக்கும் என்று 'பனிப்பந்து' எனப் பெயர். பனியே பார்க்காத நம்ம ஊருக்கு அந்தப் பெயர்!

அதன்பின் 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூரிலும், நம் சென்னை, கடலூர்ப் பள்ளிகள் சிலவற்றிலும் வேறொரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை நேராக நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் இவற்றைக் கொடுத்துக் கணக்குப் போல யோசிக்க வைத்தார்கள். யோசிக்கும்போது மொழி தானே வரும் என்பது கருத்து. உலகம் முழுக்கப் பேசப்பட்ட சோதனை அது. ஆனால் பின்னால் அதை ஆராய்ந்த ஆலன் பெரெட்டா என்ன கண்டார்? திட்டத்தை நன்கு அறிந்தவர்கள் நடத்தியபோது நடந்தது. வழக்கமான பள்ளி ஆசிரியர் பலரால் அதைத் தம்முடையதாக ஆக்கிக்கொள்ள முடியவில்லை. பிரபுவே 1990-இல் எழுதினார்: எல்லோருக்கும் சிறந்த ஒரே முறை என்று ஒன்று கிடையாது, தாம் செய்வது ஏன் பலன் தரும் என்று ஆசிரியருக்கே ஒரு தெளிவு இருக்க வேண்டும்.

நம் காலத்திலும் குறைவில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகள்; 2010-இல் தொடங்கிய சமச்சீர் கல்வி; 2022-இல் 'எண்ணும் எழுத்தும்'. எல்லாம் நல்ல நோக்கம்தான். குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அந்த டீச்சர் சொன்ன பிறகு, தெரிந்த ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேரைத் தேடிப் போய்க் கேட்டேன். ஒருவர் இலக்கணம்தான் முதுகெலும்பு என்றார். இன்னொருவர் பாட்டும் கதையும் போதும் என்றார். இப்படி முறையில் ஆளுக்கொரு கட்சி. மூன்று விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே குரல். ஒன்று, பதிவேடு, செல்போன் பதிவேற்றம் என்று போகிற நேரத்தை வகுப்புக்குத் திருப்பித் தாருங்கள். இரண்டு, எங்கள் ஆங்கிலத்தையும் வளர்க்க வழி செய்யுங்கள். மூன்று, தேர்வை மாற்றுங்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு 100 மதிப்பெண்ணுக்கும் எழுத்துத் தேர்வு. 2019-20-இல் இரண்டு தாள் ஒரு தாளானது. பிள்ளையை வாய் திறக்கச் சொல்லும் கேள்வி வரவில்லை. "கேட்காத கேள்விக்கு எந்தப் பிள்ளைப்பா பதில் படிக்கும்?" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்.

ஆசிரியர்கள் சொல்வது எல்லாமே சரி என்றும் சொல்ல மாட்டேன். "இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராது சார்" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. நானும் இந்த ஊர்ப் பிள்ளைதானே! அவரிடம் சொன்னேன்: "வராதுன்னு இல்லை சார், தாமதமா வந்துச்சு. அந்தத் தாமதத்துக்கு நான் குடுத்த விலை எனக்குத்தான் தெரியும்."

நம் சமணமலையைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் இன்னாருடைய மாணாக்கர் இன்னார் என்று பொறித்திருக்கிறார்கள். என்ன முறையில் கற்பித்தார்கள் என்று எழுதவில்லை. யார் கற்பித்தார் என்றுதான் எழுதினார்கள்.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. இனி எந்தப் பள்ளிக்கு எதைக் கொடுத்தாலும், முதலில் அந்த ஆசிரியரிடம் கேட்போம். அடுத்து, மாதம் ஒரு சனிக்கிழமை சுற்று வட்டாரப் பள்ளி ஆசிரியர்களை இங்கே அழைத்து, நம் ஆங்கிலத் துறையோடு உட்கார்ந்து பேச இடம் கொடுப்போம். பயிற்சி என்று பெயர் வேண்டாம். பேச்சு, டீ, வடை என் செலவு.

அந்தப் பள்ளிக்கு இப்போது டீச்சரே தேர்ந்தெடுத்த அறுபது கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். போன மாதம் போனபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஓடிவந்து, "வாட் இஸ் யுவர் நேம், சார்?" என்றது. பதில் சொன்னேன். உடனே, "உங்களுக்கு எந்த ஊரு?" என்று தமிழுக்குத் தாவிவிட்டது. இன்னும் வேலை இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்கிறது பாருங்கள், அந்த வயதில் நான் கேட்டதில்லை.