வாதம் கேட்டு ஆங்கிலம் பழகுதல்

ஆங்கிலச் சொல்வளம் பெருக வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் சொற்பட்டியலை வாங்கி மனப்பாடம் செய்கிறார்கள். இன்று நான் பரிந்துரைக்க வந்திருப்பது வேறொரு பயிற்சி. செய்திகளில் அடிபடும் விவாதங்களைக் கேட்டு ஆங்கிலம் பழகுவது. அதிலும் இனம், வரலாறு, பண்பாடு ஆகியவற்றை வைத்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடக்கும் சூடான வாதங்களைக் கேட்டுப் பழகுவது. அங்கே இவற்றுக்குக் 'கல்ச்சர் வார்ஸ்' என்று பெயர். ஜேம்ஸ் டேவிசன் ஹன்டர் என்ற சமூகவியலாளர் 1991இல் அந்தப் பெயரில் ஒரு நூல் எழுதிய பிறகு அந்தத் தொடர் அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது. பாடநூல், சிலை, கல்லூரிச் சேர்க்கை என்று எதை எடுத்தாலும் இரண்டு அணி.

இந்தப் பயிற்சியை நான் மனதார ஆதரிக்கிறேன். சொற்பட்டியலில் ஒரு சொல் தனியாகக் கிடக்கிறது. வாதத்தில் அதே சொல்லை ஒருவர் எடுத்து வீசுகிறார், எதிரே இருப்பவர் அதை அப்படியே ஏற்காமல் தடுக்கிறார். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம், அது யாரைக் குத்தும், எங்கே செல்லாது என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் எந்த வாதத்தைக் கேட்பது? நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் தொலைக்காட்சி நிகழ்ச்சி மொழி பழகுகிறவருக்கு உதவாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாதங்களைக் கேளுங்கள் என்பேன். கொரோனா காலத்தில், 2020 மே மாதத்தில், அந்த நீதிமன்றம் தன் வாதங்களை நேரலையாக ஒலிபரப்பத் தொடங்கியது. ஒலிப்பதிவும் எழுத்து வடிவமும் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கேட்ட கேள்விக்கு வழக்கறிஞர் பதில் சொல்லியே ஆக வேண்டும், நழுவ முடியாது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

2022 அக்டோபர் 31ஆம் தேதி நடந்த வாதத்தை எடுத்துக்கொள்வோம். ஹார்வர்டு பல்கலைக்கழகமும் வட கரோலைனா பல்கலைக்கழகமும் மாணவர் சேர்க்கையில் இனத்தையும் ஒரு காரணியாகப் பார்த்துவந்தன. அது சரியா என்பது வழக்கு. இரண்டு வழக்குகளுமாக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓடியது. அதில் ஓர் இடம். நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் வட கரோலைனாவின் வழக்கறிஞரிடம் சொல்கிறார்: 'டைவர்சிட்டி' என்ற சொல்லைப் பலமுறை கேட்டுவிட்டேன், அதற்கு என்ன பொருள் என்றே எனக்குப் புரியவில்லை, ஆளுக்கொரு பொருள் சொல்வது போலத் தெரிகிறது. நாம் அகராதியில் 'பன்முகத்தன்மை' என்று பார்த்துக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும் சொல் அது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அதற்கு விளக்கம் கேட்கிறார்!

வழக்கறிஞர் பதில் சொல்கிறார். அது இனத்தை மட்டும் குறிப்பதல்ல, பலவகைப் பின்னணிகளையும் பார்வைகளையும் குறிப்பது என்கிறார். அதனால் என்ன நன்மை என்று கேள்வி வருகிறது. பல இனத்தவர் கலந்த குழுக்கள் பங்கு வர்த்தகத்தில் மேலான முடிவுகளை எடுத்ததாக ஆய்வுகள் உண்டு, 'குரூப்திங்க்' குறைகிறது என்கிறார். எல்லோரும் ஒரே திசையில் யோசித்து ஒன்றாகவே தவறிவிடுவதுதான் 'குரூப்திங்க்'. உடனே தாமஸ், அதை நான் பெரிதாக நம்பவில்லை, இனப் பிரிவினையை ஆதரித்தவர்களும் இப்படித்தான் வாதாடினார்கள் என்கிறார். 'பெரிதாக நம்பவில்லை' என்பதற்கு அவர் ஆளும் தொடர் 'புட் மச் ஸ்டாக் இன்'. பங்குச் சந்தையை வைத்துச் சொன்ன ஆதாரத்தை 'ஸ்டாக்' என்ற சொல் வரும் மரபுத்தொடராலேயே தள்ளிவிடுகிறார். ஒருமுறை கேட்டவருக்கு இந்தத் தொடர் பிறகு மறக்காது.

அதே நாளில் ஹார்வர்டின் வழக்கறிஞர், சிலருக்கு இனம் முடிவைத் தீர்மானிக்கும் காரணியாக அமையலாம் என்று ஒப்புக்கொள்கிறார். இசைக்குழுவுக்கு ஓபோ வாசிப்பவர் தேவைப்படும் ஆண்டில் ஓபோ தெரிந்த மாணவருக்கு அது 'டிப்' ஆவதில்லையா, அதுபோல என்கிறார். ஓபோ என்பது நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் மேற்கத்தியக் குழல். 'டிப்ஸ்' என்றால் நமக்கு ஓட்டலில் வைத்துவிட்டு வரும் காசு. அங்கே அது தராசு ஒரு பக்கம் சாயப் போதுமான சிறு எடை. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் திருப்பிச் சொல்கிறார்: ஓபோ வாசிப்பவர்களுக்காக நாம் உள்நாட்டுப் போர் நடத்தவில்லை, இனப் பாகுபாட்டை ஒழிக்கத்தான் நடத்தினோம். 2023 ஜூன் 29 அன்று வந்த தீர்ப்பு பல்கலைக்கழகங்களுக்கு எதிராக அமைந்தது. ராபர்ட்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது தனிப் பேச்சு. இரண்டு தரப்பும் எவ்வளவு கூர்மையாகப் பேசின என்பதைக் கேட்டு அனுபவிக்க அந்த முடிவில் உடன்பாடு தேவையில்லை.

இந்த வழக்கில் நம் மாணவர்கள் இடறும் ஓர் இடம் உண்டு. 'கோட்டா' நமக்கு அன்றாடச் சொல். ஸ்போர்ட்ஸ் கோட்டா, மேனேஜ்மென்ட் கோட்டா என்று வீட்டில் சாதாரணமாகப் பேசுகிறோம். அமெரிக்க விவாதத்தில் அது ஏறக்குறைய ஒரு குற்றச்சாட்டு. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைத் தனியே ஒதுக்கியிருந்தது. பாக்கி என்பவர் தொடுத்த வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்துசெய்தது. ஆனால் இனத்தை ஒரு காரணியாகப் பார்க்கலாம் என்று விட்டுவைத்தது. மாணவரிடையே பன்முகத்தன்மை இருப்பது கல்விக்கு நல்லது என்ற காரணத்தை நீதிபதி பவல் முன்வைத்தார். 'டைவர்சிட்டி' இந்த வாதத்தின் நடுவே வந்து உட்கார்ந்தது அப்படித்தான். அதனால் அங்கே இந்தக் கொள்கையை ஆதரிப்பவர்கள்கூட 'எங்களிடம் கோட்டா இல்லை' என்றே தொடங்குவார்கள். நம் ஊர் இட ஒதுக்கீட்டை நினைத்துக்கொண்டு ஓர் அமெரிக்கரிடம் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

'வோக்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. கறுப்பின மக்களின் பேச்சில் அது எச்சரிக்கைச் சொல்லாக, ஆபத்தை அறிந்து விழிப்பாக இரு என்ற பொருளில் வழங்கியது. லெட் பெல்லி என்ற பாடகரின் 1938ஆம் ஆண்டு இசைப்பதிவிலேயே அது இருக்கிறது. இன்று எதிரணியினர் கேலியாக எறியும் கல்லும் அதுதான். 2022இல் ஃபுளோரிடா மாநிலம் கொண்டுவந்த ஒரு சட்டத்துக்கு வழங்கும் பெயரிலேயே, அதைத் தடுப்போம் என்ற பொருளில், அந்தச் சொல் இருக்கிறது. இதுபோன்ற முழக்கச் சொற்கள் உங்களுக்குப் புரிந்தால் போதும், வாயில் வர வேண்டியதில்லை. பேச்சில் கலந்து வரும் இழிசொற்களுக்கு இது இன்னும் பொருந்தும். அவை உயிருள்ள மனிதர்களைக் காயப்படுத்துகிறவை.

அப்படியானால் எதை எடுத்துக்கொள்வது? வாதத்தைத் தாங்கி நிற்கும் சிறு தொடர்களை. 'டு பி ஃபேர்', 'தட் இஸ் நாட் வாட் ஐ செட்', 'ஐ டேக் யுவர் பாயின்ட், பட்' போன்றவற்றை. அலுவலகக் கூட்டத்திலும் நேர்காணலிலும் மறுப்பதற்கு மொழி இல்லாமல்தான் நம் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். மரியாதை குறையாமல் மறுக்கும் மொழி இந்த வாதங்களில் நிறையக் கிடைக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சியின் பெரிய பலன் இதுதான்.

மருத்துவரிடம் உடம்புக்கு என்ன என்று சொல்லவோ வீடு வாடகைக்குக் கேட்கவோ இந்தப் பயிற்சி உதவாது. இப்போதுதான் ஆங்கிலம் தொடங்குகிறவர்களுக்கும் இது அதிகச் சுமை. அமெரிக்காவின் குரல் வானொலி 1959இல் ஏறத்தாழ 1500 சொற்களை வைத்துக்கொண்டு நிதானமாக வாசிக்கும் செய்திகளைத் தொடங்கியது. அந்த வகை எளிய நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தேறிய பிறகு இதற்கு வரலாம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு சிறு வேலை சொல்கிறேன். 2020 ஜூன் 7 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், அடிமை வணிகத்தில் பொருள் சேர்த்த எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைப் போராட்டக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துத் துறைமுக நீரில் தள்ளினார்கள். அது தொடர்பான வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நால்வர் 2022 ஜனவரியில் விடுதலையானார்கள். இந்தச் செய்தியை இரு வேறு சார்புள்ள பிரிட்டிஷ் நாளிதழ்களில் படியுங்கள். ஒன்றில் 'புரொட்டெஸ்டர்ஸ்' இருப்பார்கள், இன்னொன்றில் 'மாப்' இருக்கும். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரே செயலுக்கு அவர்கள் சொன்னது இடப்பக்கம், இவர்கள் சொன்னது வலப்பக்கம் என்று எழுதுங்கள். பிறகு உங்களுக்கு உடன்பாடில்லாத தரப்பை, அவர்கள் பக்கத்துச் சொற்களாலேயே இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். அந்தத் தரப்பைச் சேர்ந்த ஒருவர் கேட்டால், எங்கள் வாதத்தைச் சரியாகச் சொன்னீர்கள் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வரும்வரை திரும்பத் திரும்பப் பேசிப் பாருங்கள்.