காற்று நின்றதும் கிளம்பாதீர்கள்

வங்கக் கடலில் புயல் சின்னம் என்றால் சிங்கப்பெருமாள் கோவில் டீக்கடைகளிலும் அதுதான் பேச்சு. நம் ஊரிலிருந்து கடல் கண்ணில் படாது. ஆனால் 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் கரையேறிய மாமல்லபுரம், இங்கிருந்து நேர்கோட்டில் 30 கிலோமீட்டருக்குள்தான்.

மறக்கவே முடியாதது வர்தா புயல். 2016 டிசம்பர் 12. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று பிற்பகலில் சென்னையைப் புரட்டிப் போட்டது. நடுவில் சட்டென்று ஓர் அமைதி. இலைகூட அசையவில்லை. முடிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். அது புயலின் கண். கண் நகர்ந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடித்தது. முதல் காற்றில் வேர் இளகிய மரத்தை இரண்டாவது காற்று எளிதாகச் சாய்த்துவிடும். அந்த இடைவெளியில் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போவதுதான் பெரிய ஆபத்து. வானிலை மையம் புயல் கரையைக் கடந்துவிட்டதாக அறிவிக்கும் வரை வீட்டிலேயே இருங்கள்.

ஒரகடம் ஆலைகளில் வேலை செய்து, நம் தெருக்களில் வாடகை அறையில் தங்கியிருக்கும் வெளிமாநிலப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ்ச் செய்தி புரியாது. ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.