பிடியரிசியும் ஐம்பது காசும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் நிகழ்த்திய உரை)

 

 

வரவு செலவுக் கணக்கைச் செயலாளர் அவர்கள் வாசிக்கக் கேட்டீர்கள். வரவில் பெரும்பகுதி சபராளிகள் அனுப்பியது. உள்ளூர்ச் சந்தா மிகச் சொற்பம். இது குறித்துப் பேசுமுன் என் தவறொன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மதரஸா உஸ்தாதுமார்களின் சம்பளம் இரண்டு மாதம் நிலுவையில் நின்றது. வளைகுடாவில் பணிபுரியும் நம் பிள்ளை ஒருவருக்கு, “உங்கள் முகாமில் வசூல் செய்து அனுப்புங்கள் தம்பி” என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினேன். மறுநாள் அவர் தயக்கத்துடன், “ஹஜ்ரத், என் பங்கை அனுப்பிவிட்டேன். ஆனால் இங்கே அனுமதியின்றிப் பிறரிடம் வசூலித்தால் வழக்காகிவிடும், வேலையும் போய்விடும்” என்றார். உஸ்தாதுமார்களின் சம்பளத்திற்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பையே ஆபத்தில் தள்ள இருந்தேன். அதன் பின்னரே நாட்டுக்கு நாடு தர்ம வசூலின் சட்டங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை விசாரித்து அறிந்தேன்.

துபாயில் 2015ஆம் ஆண்டின் ஆணையும், ஐக்கிய அரபு அமீரகம் முழுமைக்குமான 2021ஆம் ஆண்டின் சட்டமும் அனுமதி பெறாத வசூலைக் குற்றமாக்குகின்றன. சமூக ஊடக வழி வசூலுக்கும் இது பொருந்தும். மலேசியாவில் தனிநபர் செலுத்தும் ஜகாத்துத் தொகை, அவர் கட்டவேண்டிய வருமான வரியிலேயே கழிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் 1987 முதல், வரி பிடிக்குமுன்பே ஊழியர் தம் சம்பளத்திலிருந்து தர்மம் செய்யும் ஏற்பாடு உண்டு.

நமக்குப் பெரிதும் படிப்பினை தருவது சிங்கப்பூர். அங்கே கம்பங்கள் அகற்றப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடியேறியபோது, புதிய பேட்டைகளில் பள்ளிவாசல் இல்லாத நிலை ஏற்பட்டது. 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. முஸ்லிம் தொழிலாளி ஒவ்வொருவரின் சம்பளத்திலும் மாதம் ஐம்பது காசு, மத்திய சேமநிதி வழியாகப் பிடிக்கப்பட்டது. விரும்பாதவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். 1977இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் எழுந்தது. அதைத் தொடர்ந்து இதுவரை இருபதுக்கும் மேற்பட்டவை. 1982இல் பிள்ளைகளின் கல்விக்காக மெண்டாக்கி தோன்றியது. 1984இல் இரு நிதிகளும் ஒன்றாயின. 2016இல் வகுக்கப்பட்ட அளவின்படி, சம்பளத்திற்கேற்ப மாதம் 3 வெள்ளி முதல் 26 வெள்ளி வரை. இந்திய வம்சாவழியினரின் கல்விக்காக 1991இல் தோன்றிய சிண்டாவும் இதே முறையில் நிதி பெறுகிறது.

இது ஜகாத் அன்று, சந்தா. சம்பளத்திலேயே பிடிக்கப்படுவதால், யார் எவ்வளவு தந்தார் என்பது பக்கத்து மேசைக்காரருக்கும் தெரியாது. நாமோ ஒலிபெருக்கியில் பெயரையும் தொகையையும் வாசிக்கிறோம். நூறு ரூபாய் தர எண்ணிய நடவுக்கூலிக்காரர், இலட்சங்களின் பட்டியலைக் கேட்டு, கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்.

நம் தஞ்சைத் தரணிக்கு இது புதிதா? உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை மதரஸாவுக்கென்று தனிக்கலயத்தில் போட்டவர்கள் நம் தாய்மார்கள். சம்பா அறுவடையில் களத்திலேயே நெல் அளந்து கொடுத்தவர்கள் நம் பாட்டனார்கள். இராஜகிரி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களுக்குச் சபர் பணம் வந்து சேர்ந்தது. அதை நான் குறைகூறவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக! ஆனால் அங்கே ஒரு நிறுவனம் மூடினால் இங்கே உஸ்தாதின் அடுப்பு அணைகிறது.

சபராளிகளின் நன்கொடையில் நம் நாட்டுச் சட்டத்தையும் அறிய வேண்டும. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. நம் தெருவிலேயே பிறந்தவராயினும் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பே. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் பதிவோ முன்அனுமதியோ இன்றி அதனை ஜமாஅத் பெறலாகாது. 2020ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், அப்பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கிலேயே முதலில் சேர வேண்டும். ஆகவே பொருளாளர் அவர்கள் ரசீது எழுதுமுன் அனுப்புபவரின் குடியுரிமையைக் கேட்டறிவது அவசியம்.

என் வேண்டுகோள் மூன்று. வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய், இயலாதவர் பத்து ரூபாய் என உறையிலிட்டுத் தாருங்கள். முந்நூறு வீடுகள் நூறு வீதம் தந்தால் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். கடை, அரிசி ஆலை உரிமையாளர்கள், தம் ஊழியர் தாமாக எழுதிக் கொடுத்தால் மட்டும் சந்தாவைப் பிடித்துச் செலுத்தி, தாங்களும் அதே அளவு சேர்த்துத் தாருங்கள், எவரையும் வற்புறுத்தலாகாது. இனி ஒலிபெருக்கியில் மொத்தத் தொகையை மட்டும் அறிவிப்போம். பெயர்கள் பதிவேட்டில் இருக்கட்டும்.

குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நம் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அதன்படி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.